கண்ணகி காணாத நகர்

"கொழும்புக்குப் போகிறோம்" என்று எங்களூரில் ஒருவர் சொன்னால், கேட்பவரின் நாவில் முதலில் எழும் வினா, "ஆருக்குச் சுகமில்ல?" என்பதே. அவ்வினாவில் குறும்பில்லை. அனுபவம் கற்பித்த வினா அது. மாவடிப்பள்ளி, காரைதீவுக்கும் சம்மாந்துறைக்கும் இடையே, வயல்வெளி சூழ அமைந்த சிற்றூர். இங்கிருந்து தலைநகருக்குப் பயணப்படுவோர் பெரும்பாலும் மூன்று காரியங்களுக்காகவே பயணப்படுகின்றனர். ஒன்று, நோய்க்கு மருந்து தேட; மற்றொன்று, கடவுச்சீட்டு முதலாய பத்திரங்கள் பெற; இன்னொன்று, விமானமேறிக் கடல் கடந்து பிழைப்புத் தேட. "சும்மா பார்க்கப் போனோம்" என்று சொல்லித் திரும்பியவரை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

அவ்வாறு சும்மா பார்க்கவென்றே என் மனையாளும் நானும் அண்மையில் ஒரு வார இறுதியிற் கொழும்பு சென்று மீண்டோம். இரண்டு பகல், மூன்று இரவு. அவ்வளவே பயணம். ஆயினும் அதனை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியமைக்குக் காரணம் உண்டு. அக்காரணம் என் வகுப்பறையிலே பிறந்தது.

மாணவி கேட்ட வினா

கீழைத்தேயக் கல்லூரியிலே பண்டிதம் கற்று ஆசிரியனாகியவன் நான். சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தை ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக மாணாக்கருக்குப் பாடஞ் சொல்லி வருகிறேன். அதிலே ஊர்காண் காதை எனக்கு மிகவும் விருப்பமான பகுதி. கோவலன் மதுரை மாநகரினுள்ளே புகுந்து, அரச வீதியையும், அங்காடி வீதியையும், மணி விற்போர் தெருவையும், கூலக் கடைகளையும் கண்டு, கொடிகளின் நிழலிலே நடந்து மீள்கிறான். அவன் கண்டவற்றை ஒவ்வொன்றாக எடுத்து விரிப்பதிலே எனக்கு ஒரு பெருமிதம் உண்டு.

சென்ற ஆண்டு அவ்வாறு விரித்துக்கொண்டிருந்த வேளை, கடைசி வாங்கிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "சேர், கண்ணகியை ஏன் கூட்டிக்கொண்டு போகல்ல?" என்றாள்.

வகுப்புச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. மதுரையில் உள்ள வணிகர்க்குத் தன் வரவை அறிவித்து வரும் வரையில், கண்ணகியைக் கவுந்தியடிகளிடம் விட்டுச் சென்றான் என்று காப்பியம் கூறும் காரணத்தைச் சொன்னேன். வழிநடையால் அவள் பாதம் நொந்திருந்ததையும் சொன்னேன். மாணவி அமர்ந்துவிட்டாள். வினா அமரவில்லை.

அன்றிரவு நூலை மீண்டும் எடுத்துப் புரட்டினேன். கண்ணகி மதுரையை எப்பொழுது கண்டாள்? மாதரியின் மனையிலே அடைக்கலமாயிருந்தாள், அடிசில் ஆக்கினாள், கணவனை விடைகொடுத்து அனுப்பினாள். மதுரையின் வீதிகளிலே அவள் நடந்தது, கையிலே ஒற்றைச் சிலம்போடு, கண்ணிலே நீரோடு, நீதி கேட்கப் புறப்பட்ட வேளையில் மட்டுமே. கோவலன் கண்ட மதுரை ஒன்று. கண்ணகி கண்ட மதுரை வேறொன்று. முப்பது ஆண்டு பாடஞ் சொன்ன எனக்கு இது புலப்படவில்லை. கடைசி வாங்கிலிருந்த பிள்ளைக்குப் புலப்பட்டது.

இதனை என் மனையாளுக்குச் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகை நிறுத்தாமலே, "நானும் எத்தனையோ தரம் கொழும்புக்குப் போயிருக்கன். என்னத்தக் கண்டன்?" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். சுளகின் ஓசை மட்டும் தொடர்ந்து கேட்டது.

இரண்டு வீடுகளின் கதை

அவள் சொன்னது உண்மை. சில ஆண்டுகளுக்கு முன் அவளுக்கு ஒரு கடும் பிணி வந்தது. மாதந்தோறும் இரவு பஸ்ஸில் ஏறிக் கொழும்புக்குப் போவோம். விடியுமுன் ஆஸ்பத்திரி வாசலில் இலக்கம் எடுப்போம். மாலையில் மருந்துப் பையோடு மீண்டும் பஸ் ஏறுவோம். இறைவன் அருளால் பிணி நீங்கிற்று. ஆயினும் அந்நகரத்தை அவள் மருந்தின் வாடையாகவும், மரவாங்கின் வரிசையாகவும், பெயர் கூப்பிடும் குரலாகவுமே அறிந்திருந்தாள்.

பிணிக்கு முன்னராயினும் கூட்டிச் சென்றிருக்கலாமே என்று வாசகர் வினவலாம். எங்கள் கரையோரத்து வழக்கத்தை அறிந்தவர் அவ்வாறு வினவார். கல்முனைக் கரையிலே பெண்ணைப் பெற்றோர் அவளுக்கு ஒரு வீட்டையும் கட்டிக் கொடுத்தே மணம் முடித்து வைப்பர். மாப்பிள்ளை மனைவியின் வீட்டுக்கு வந்து வாழ்வான். எமக்கு இரண்டு பெண்மக்கள். ஆதலின் இரண்டு வீடுகள். ஓர் ஆசிரியனின் சம்பளத்திலே இரண்டு வீடுகள் எழுவதாயின், எத்தனை பெருநாட் புடவைகள் வாங்கப்படாமற் போயிருக்கும், எத்தனை பயணங்கள் நினைக்கப்படாமலே போயிருக்கும் என்பதைக் கணக்கிடல் அரிது. கல்லும் மணலும் சீமெந்தும் வந்து இறங்கும்போது நான் பள்ளிக்கூடத்தில் இருப்பேன். மேசனோடு நின்று மட்டம் பார்த்தவளும், கூலி கணக்கிட்டுக் கொடுத்தவளும் அவளே. இரண்டாம் மகளின் வீட்டைக் கையளித்தபின், அதன் பின்புறத்தில் ஓர் அறையும் குசினியுமாக நாங்கள் இருவரும் இருந்து வருகிறோம்.

பயணச் செய்தி கேட்ட மூத்த மருமகன் ஓடி வந்தார். "மாமிக்குத் திரும்பவும் ஏதும் வருத்தமா மாமா?" என்றார். "இல்லை மகன், ஊர் பார்க்கப் போகிறோம்" என்றேன். அவர் நம்பவில்லை. நம்பாமலே பஸ் நிறுத்தம் வரை பையைச் சுமந்து வந்தார்.

புறக்கோட்டையில் ஒரு விடியல்

எங்கள் பகுதிக்கு ரயில் இல்லை. இருப்புப் பாதை மட்டக்களப்போடு நின்றுவிடுகிறது. ஆயின் அம்பாறை வீதி எங்களூரை ஊடறுத்துச் செல்வதால் கொழும்பு பஸ்ஸுக்குக் குறையில்லை. வெள்ளி இரவு ஏறினோம். மடியிலே ஒரு சட்டி எருமைத் தயிர், தெமட்டகொடையிலுள்ள அவளது சாச்சியின் மகளுக்கென்று. மகியங்கனை தாண்டிப் பதினெட்டு வளைவுகளில் பஸ் ஏறியபோது, நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் தயிர்ச் சட்டியை இறுகப் பிடித்துக்கொண்டாள். இருவருள் எவர் பயனுள்ள காரியம் செய்தார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

விடிகாலையில் புறக்கோட்டையில் இறங்கினோம். பெயரைக் கவனியுங்கள். கோட்டைக்குப் புறத்தே அமைந்தது ஆதலின் புறக்கோட்டை. கொழும்பின் பல பகுதிகளைத் தமிழ் தன் நாவாலேயே பெயரிட்டு வைத்திருக்கிறது. கறுவாத் தோட்டம், செட்டியார் தெரு, பழைய சோனகத் தெரு, கொம்பனித் தெரு, ஐந்து லாம்புச் சந்தி, காலிமுகத்திடல் என்று சொல்லிக்கொண்டு போனால், வணிகரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் வந்து போன சரித்திரம் அப்பெயர்களிலேயே கிடக்கும். 1344 ஆம் ஆண்டிலே இத்தீவுக்கு வந்த மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பத்தூத்தா, கொழும்பைக் கலன்பூ என்று குறித்து, இத்தீவின் பெரிய அழகிய நகரங்களுள் ஒன்று எனப் போற்றியுள்ளார். ஏறத்தாழ எழுநூறு ஆண்டுப் புகழ் அது.

இரண்டாம் குறுக்குத் தெருவிலே சிவப்பும் வெள்ளையுமாய் எழுந்து நிற்கும் பள்ளிவாசலின் முன் நின்றோம். ஜாமிஉல் அல்ஃபார் என்பது அதன் பெயர். சம்மாங்கோட்டுப் பள்ளி என்பது பழம் வழக்கு. 1908 இல் தொடங்கி 1909 இல் கட்டி முடிக்கப்பட்டது. மாதுளம்பழத்தைப் பிளந்து வைத்தாற்போன்ற நிறமும், முறுக்கிய தூண்களும், குமிழ் மாடங்களும் காண்போரை நிறுத்திவிடும். இதனை அமைத்தவர் ஹபீபு லெப்பை சாய்பு லெப்பை என்பார். அவர் கட்டடக் கலையை முறையாகப் பயின்றவரல்லர் என்றும், தென்னிந்திய வணிகர் காட்டிய படங்களைக் கொண்டே இதனை உருவாக்கினார் என்றும் கூறுவர்.

இதனை நான் வியந்து கூறியபோது அவள் வியக்கவில்லை. "ரெண்டு வீடு கட்டின நான் மட்டும் படிச்சா கட்டினன்?" என்றாள்.

நியாயமான வினா. பதில் என்னிடம் இல்லை.

கட்டியவர் கேட்ட கூலி

தெமட்டகொடையில் இளைப்பாறி, பகலுக்குப் பின் நூதனசாலைக்குச் சென்றோம். ஒல்லாந்தர் காலத்திலே கறுவா பயிரிடப்பட்ட நிலத்திலே, ஆலமரங்களின் நிழலையடுத்து, வெண்ணிறமாய் அகன்று கிடக்கிறது அம்மாளிகை. தேசாதிபதி சேர் வில்லியம் கிரெகரியின் முயற்சியால் எழுந்து, 1877 ஜனவரி 1 ஆம் திகதி திறந்து வைக்கப்பட்டது. வரைபடம் ஸ்மிதர் என்னும் ஆங்கிலேயருடையது. கட்டியெழுப்பியவர் வாப்பிச்சி மரிக்கார். பேருவளைக்கும் கொழும்புக்கும் அப்பால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் இப்பெயரை அதிகம் கேட்டிருக்கமாட்டார்கள். இந்நகரின் பழைய பொதுக் கட்டடங்கள் பல அவர் கைவண்ணமே. புறக்கோட்டையிலுள்ள பழைய நகர மண்டபமும் அவற்றுள் ஒன்று. 1892 ஆம் ஆண்டு மருதானையிலே பின்னர் ஸாஹிராக் கல்லூரியாய் வளர்ந்த பாடசாலை தோன்றியபோது, அறிஞர் சித்திலெப்பையோடு முன்னின்று உழைத்தவரும் அவரே.

நான் இவற்றைச் சொல்லிக்கொண்டிருக்க, என் மனையாள் சுவரிலே உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். பின்னர் மேலே அண்ணாந்து கூரையின் உயரத்தைப் பார்த்தாள். மேசனுக்குக் கூலி கொடுத்தவள் பார்க்கும் பார்வை அது. "இவ்வளவையும் கட்டினவருக்கு என்ன கொடுத்தாங்க?" என்று கேட்டாள்.

அதற்கு ஒரு கதை வழங்குகிறது. திறப்பு விழாவின் முடிவிலே, உமக்கு என்ன வெகுமதி வேண்டும் என்று தேசாதிபதி வினவினாராம். மரவேலை செய்தவர் ஒரு பட்டம் கேட்டுப் பெற்றாராம். வாப்பிச்சி மரிக்காரோ கூடியிருந்த மக்களை நோக்கிவிட்டு, வெள்ளிக்கிழமைகளில் இந்த நூதனசாலை மூடப்பட்டிருக்க வேண்டும் என்று மட்டும் கேட்டாராம். அது தொழுகைக்குரிய நாள். அவ்வேண்டுகோள் ஏற்கப்பட்டது என்றும், நெடுங்காலம் போற்றப்பட்டது என்றும், பிற்காலத்திலேயே எல்லா நாட்களிலும் கதவு திறக்கலாயிற்று என்றும் சொல்வர்.

"காசு கேட்கல்லையா?"

"இல்லை."

"காணி, பட்டம், ஒண்டுமே?"

"ஒரு நாளைக் கேட்டார். அவ்வளவுதான்."

அவள் மீண்டும் ஒரு முறை சுவரைத் தொட்டுப் பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை.

மூன்று மொழிக் கல்

நூதனசாலையிலே நான் காண விரும்பியது ஒரே ஒரு கல். பண்டிதத் தேர்வுக்குப் படித்த நாள் முதலாக நெஞ்சிலே கிடந்த கல் அது. ஏறத்தாழ நாலே முக்கால் அடி உயரமும், இரண்டரை அடி அகலமும், ஐந்து அங்குலக் கனமும் உடைய பலகை. தலையிலே இரண்டு பறவை நாகங்கள் எதிரெதிரே வளைந்து நிற்கும். 1911 ஆம் ஆண்டு காலி நகரிலே, ஒரு மதகின் மேல் மூடியாகக் கிடந்த இதனைத் தொமலின் என்ற பொறியியலாளர் கண்டெடுத்தார். மிதித்துச் சென்றவர் எத்தனை பேரோ! சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளும் அதிலே பொறிக்கப்பட்டிருக்கின்றன. தமிழ்ப் பகுதியைப் பின்னர் பேராசிரியர் பரணவிதான படித்து வெளியிட்டார்.

இக்கல்லின் ஆண்டு 1409. மிங் மரபுச் சக்கரவர்த்தி யொங்லேயின் ஆணைப்படி, கடற்படைத் தலைவர் செங் ஹோ சீனத்திலே செதுக்குவித்துக் கடல் வழியே கொண்டுவந்தது. அவர் யுன்னான் மாகாணத்து முஸ்லிம் குடும்பத்திலே பிறந்தவர். 1405 முதல் 1433 வரை ஏழு முறை பெருங்கப்பற்படையோடு இந்துமாக்கடலில் உலாவியவர். கல்லின் சீனப் பகுதி புத்தபிரானுக்குக் காணிக்கை கூறுகிறது. தமிழ்ப் பகுதி தென்முனையிலே தெய்வந்துறையில் எழுந்தருளியிருந்த தெனாவரை நாயினாருக்குக் கூறுகிறது. பாரசீகப் பகுதி அல்லாஹ்வைக் குறிக்கிறது. பொன் 1000, வெள்ளி 5000, பட்டு வகைகள், நறுமண எண்ணெய் 2500 கட்டி என்று காணிக்கைகள் நீளும். இறைவனின் பெயரும் மொழியும் வேறுபடுகின்றன. காணிக்கையின் அளவோ பெரிதும் ஒத்திருக்கிறது. ஒருவருக்குக் கூட்டி, மற்றவருக்குக் குறைத்து எழுதப்படவில்லை.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். சீனத்துச் சிற்பியின் உளி தமிழ் எழுத்தைச் செதுக்கியிருக்கிறது. ஏன்? இக்கடலிலே வணிகஞ் செய்தோரிடையே தமிழ் அத்துணை வழங்கிற்று. தெனாவரைக் கோயிலை இப்னு பத்தூத்தாவும் கண்டு எழுதியிருக்கிறார். 1588 இல் போர்த்துக்கேயர் அதனை இடித்தழித்தனர். கோயில் போயிற்று, கல் எஞ்சிற்று.

இவ்வளவையும் நான் பெருமிதத்தோடு விரித்தேன். என் மனையாள் பொறுமையோடு கேட்டுவிட்டு, "சரி, வாசிங்க, கேட்பம்" என்றாள்.

கண்ணாடியைத் துடைத்து அணிந்து குனிந்தேன். அறுநூறு ஆண்டுக்கு முந்திய எழுத்து. மதகிலே கிடந்து தேய்ந்த கல். ஆங்காங்கே ஓர் எழுத்துத் தெரிந்தது; அடுத்தது மறைந்தது. பாரசீகப் பகுதியோ பெரிதும் அழிந்திருந்தது. ஆயினும் பண்டிதனன்றோ! விடாமல், கணீரென்று, ஏட்டிலே படித்து நினைவில் வைத்திருந்ததைச் சொல்லிக்கொண்டு போனேன்.

அவள் என் கண்ணையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தாள். "கல்லப் பார்த்து வாசிக்கிறீங்களா, மனப்பாடத்தில சொல்றீங்களா?" என்றாள்.

முப்பது ஆண்டுகளாக இதே வினாவை எத்தனை மாணாக்கரிடம் நான் கேட்டிருக்கிறேன்! அன்று நான் கையும் மெய்யுமாகப் பிடிபட்டேன். "மனப்பாடம்தான்" என்று ஒப்புக்கொண்டேன். அவள் சிரித்தாள். நெடுநாளாக நான் கேட்டிராத சிரிப்பு அது.

பின்னர் ஒன்றைச் சொன்னேன். காணிக்கை கொண்டுவந்த அதே கப்பற்படை, அடுத்த சில ஆண்டுகளுள் போரும் புரிந்தது. 1411 இல், அழகக்கோனார் மரபினன் என்று ஆய்வாளர் கொள்ளும் இந்நாட்டு ஆட்சியாளன் சிறைபிடிக்கப்பட்டுச் சீனத்துக்குக் கொண்டு செல்லப்பட்டான். "காணிக்கையும் வச்சி, ஆளையும் கொண்டு போனாங்களா?" என்று அவள் கேட்டாள். ஆம் என்றேன். "அது இந்தக் கல்லில எழுதியிருக்கா?" என்றாள். இல்லை என்றேன். கல்லிலே எழுதப்பட்டதைப் படிப்பது பண்டிதன் தொழில். எழுதப்படாததைக் கேட்பது மனையாளின் தொழில் போலும்.

ஞாயிறு காலை

மறுநாட் காலை எங்கே போவோம் என்று அவளிடமே கேட்டேன். 2022 இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட தாமரைக் கோபுரம் ஏறத்தாழ 350 மீற்றர் உயரம். அதன் மேலிருந்து நகர் முழுவதையும் காணலாம் என்று சொன்னேன். அவள் சற்று யோசித்தாள். "அந்த ஆஸ்பத்திரித் தெருவுக்கு ஒருக்காப் போவமா?" என்றாள்.

நான் திடுக்குற்றேன். ஆயினும் மறுக்கவில்லை. ஓட்டோ ஒன்றில் சென்று இறங்கினோம். அதே மதில், அதே வாசல், கைகளில் மருந்துப் பைகளோடு, எங்களூர்ப் பக்கத்துச் சாயலிலே சில முகங்கள். அவள் வாசலுக்குள் நுழையவில்லை. தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெல்ல நடந்தாள். அந்நாட்களிலே நான் அவளுக்குத் தேநீர் வாங்கிவந்து கொடுத்த கடை இன்னும் இருந்தது. உள்ளே சென்று அமர்ந்தோம். அக்கடைக்குள் அவள் அமர்ந்தது அதுவே முதற் தடவை. முன்னெல்லாம் வரிசை தவறிப்போகும் என்று வாங்கை விட்டு எழமாட்டாள்.

தேநீரைக் குடித்து முடித்து, "இந்தத் தெருவில இவ்வளவு மரம் நிக்கிற எனக்குத் தெரியாது" என்றாள்.

அப்பொழுதுதான் அம்மாணவியின் வினாவுக்கு விடை கிடைத்தது போலிருந்தது. துயரத்தோடு நடந்தவளுக்குத் தெரு தெரியும், மரம் தெரியாது. கண்ணகிக்கு மதுரையிலே மரங்கள் இருந்தன என்பது தெரிந்திருக்காது. கோவலன் அவளை ஒரு நாள் உடன் அழைத்துச் சென்றிருந்தால் காப்பியத்தின் முடிவு மாறியிராது. ஆயினும் அவளுக்கும் ஒரு மதுரை இருந்திருக்கும்.

காலிமுகத்திடலில்

மாலையிலே காலிமுகத்திடலுக்குச் சென்றோம். 1859 இல் தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் இக்கடலோர நடைபாதையை நிறைவு செய்தபோது, கொழும்பு மாநகரத்துப் பெண்களினதும் பிள்ளைகளினதும் நலன் கருதி இதனைப் பேணுமாறு தமக்குப் பின் வருவோரைக் கேட்டு ஒரு கல் நாட்டினார். பெண்களுக்கென்று கேட்கப்பட்ட இடம்! 2022 ஆம் ஆண்டிலே நாட்டு மக்கள் மாதக்கணக்காகத் திரண்டு நின்று குரல் கொடுத்த இடமும் இதுவே. இன்று ஒரு பக்கத்திலே கடலை நிரப்பி எழுப்பிய துறைமுக நகரம் தெரிகிறது. மறுபக்கத்திலே காற்றாடி விடும் சிறுவர்களும், இறால் வடை பொரிக்கும் வண்டில்களும் மாறாமல் இருக்கின்றனர்.

2004 டிசம்பர் 26 இன் பின், எங்கள் கரையோரத்துப் பெண்கள் பலரைப் போல அவளும் கடலுக்கு முகங்கொடுப்பதை விரும்புவதில்லை. அன்று அவளாகவே கடலை நோக்கி அமர்ந்தாள். சூரியன் தாழ்ந்தது. "நம்மட கடலில எழும்புறது, இங்க விழுகுது" என்றாள். கீழ்க்கரையிலே பிறந்து வளர்ந்தவள் தன் வாழ்நாளில் முதன்முறையாகக் கடலுள்ளே சூரியன் மறைவதைக் காண்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. புவியியல் நூலிலே உள்ள செய்திதான். ஆயினும் ஐம்பது வயதிற் கண்ணாலே காணும்போது அது செய்தியன்று.

இரவு பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. "உனக்கு ஏதாவது வாங்க வேண்டுமா?" என்று கேட்டேன். பேரப்பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் வாங்கியாயிற்று. மக்களுக்குப் புடவை வாங்கியாயிற்று. அவளுக்கென்று ஒன்றும் வாங்கவில்லை.

அவள் சற்று நேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த மரிக்கார் கேட்டது போல எனக்கும் ஒரு நாள் போதும்" என்றாள். "வருஷத்தில ஒரு நாள். சுகமில்லாமப் போற நாளா இல்லாம."

இரண்டு வீடுகளைக் கட்டியவள் கேட்ட கூலி அது.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். கோவலனின் கண்ணால் மதுரையை விரித்துக் காட்டும்போது, புறத்தே அமர்ந்திருந்தவளையும் ஒரு கணம் மாணாக்கருக்குக் காட்டுங்கள். மாணாக்கரே, வசதி கிடைப்பின் கொழும்பு நூதனசாலைக்குச் சென்று, மதகு மூடியாய்க் கிடந்த அக்கல்லின் முன்னே சற்று நில்லுங்கள். எழுத்துத் தெரியாவிடின் மனப்பாடத்திலிருந்து வாசியாதீர்கள், எவரேனும் கண்டுபிடித்துவிடுவர். ஆண்மக்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றே. உங்கள் வீட்டுச் சுவரை ஒரு முறை உள்ளங்கையால் தொட்டுப் பாருங்கள். அதைக் கட்டியவர் என்ன கேட்டார் என்று எண்ணிப் பாருங்கள். எதுவும் கேட்கவில்லையாயின் நீங்களே கேளுங்கள்.

திங்கள் அதிகாலையில் மாவடிப்பள்ளியில் இறங்கினோம். வயலிலே பனி கிடந்தது. பாற்காரர் எங்களைக் கண்டு சைக்கிளை நிறுத்தினார். "கொழும்பாலையா வாறீங்க? ஆருக்குச் சுகமில்ல?" என்றார்.

நான் வாய் திறக்குமுன் என் மனையாள் முந்திக்கொண்டாள். "ஒருத்தருக்கும் ஒண்டுமில்ல. பார்க்கப் போனம்" என்றாள்.